பாதி வழியில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? நெடுந்தொலைவு குதிரைப் போட்டியின் மருத்துவ வாயிலும் கேரள யானைகளும்

கொச்சி: பிரான்ஸ் நாட்டின் மான்பாசியே நகரில் 2024 செப்டம்பரில் நடைபெற்ற உலக நெடுந்தொலைவு குதிரையேற்றச் சாம்பியன்ஷிப் போட்டியில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் 160 கிலோமீட்டர் தொலைவை 10 மணி 23 நிமிடங்களில் கடந்தார். மூத்தோர் பிரிவில் இந்தப் போட்டியை முழுமையாக நிறைவு செய்த முதல் இந்தியர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு, அதே நாட்டின் காஸ்டெல்சாக்ராவில் நடைபெற்ற இளையோர் உலகப் போட்டியில் 120 கிலோமீட்டரை நிறைவு செய்த முதல் இந்தியரும் அவரே.

இந்தச் சாதனை குறித்த செய்திகள் பெரும்பாலும் நேரத்தையும் தொலைவையும் பேசின. மான்பாசியேவில் புறப்பட்ட குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவை இலக்கை எட்டவில்லை என்பது அதே அளவு கவனிக்கத்தக்கது. நெடுந்தொலைவு போட்டியில் இது வழக்கத்துக்கு மாறான ஒன்றன்று. குதிரை களைத்து விழுந்தோ, வீரர் தவறி விழுந்தோ வெளியேறுவது குறைவு. பெரும்பாலான வெளியேற்றங்கள், கையில் ஸ்டெதாஸ்கோப்புடன் நிற்கும் கால்நடை மருத்துவர் "இந்தக் குதிரை இனி ஓடக் கூடாது" என்று முடிவு செய்வதால் நிகழ்கின்றன. வென்றவரின் குதிரையும் அந்த மருத்துவரைக் கடந்தே வந்திருக்கிறது.

அந்த முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது குதிரைப் பிரியர்களுக்கு மட்டும் பயன்படும் செய்தியன்று. நிதாவின் சொந்த மாநிலத்தில், விலங்குகளின் உடல்தகுதி ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் நீதிமன்றம் வரை செல்லும் விவகாரமாக இருக்கிறது.

கடிகாரத்தை நிறுத்தும் இதயத் துடிப்பு

சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதிகளின்படி, நெடுந்தொலைவு போட்டி ஒரே மூச்சில் ஓடப்படுவதில்லை. பாதை பல சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சுற்று 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மருத்துவப் பரிசோதனை வாயில் ஒன்று உண்டு. குதிரை அங்கு வந்து சேர்ந்ததிலிருந்து 15 நிமிடங்களுக்குள் அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் போட்டி அங்கேயே முடிந்தது. ஓய்வில் இருக்கும் குதிரையின் துடிப்பு ஏறக்குறைய 28 முதல் 44 வரை இருக்கும். ஓட்டத்தின்போது இது பல மடங்கு உயரும். எவ்வளவு உயர்ந்தது என்பதைக் காட்டிலும், எவ்வளவு விரைவாகத் தணிந்தது என்பதே மருத்துவர்களுக்கு முக்கியம். கடும் வெப்பம் நிலவும் நாள்களில் இந்த வரம்பை மேலும் குறைக்கவும் அலுவலர்களுக்கு அதிகாரம் உண்டு.

இந்த விதியின் நுட்பம் கடிகாரத்தில் இருக்கிறது. வாயிலை அடைந்தவுடன் சுற்றின் நேரக் கணக்கு நிற்பதில்லை. துடிப்பு தணிந்துவிட்டது என்று கருதி வீரர் குதிரையைப் பரிசோதனைக்குக் கொண்டு நிறுத்தும் வரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே கடைசி இரண்டு கிலோமீட்டர் தொலைவைப் பாய்ச்சலில் கடந்து வந்தவர், குதிரையின் மேல் வாளி வாளியாக நீர் ஊற்றிக் காத்திருக்க நேரும். மெதுவாக நடத்தி வந்தவர் அவரை முந்திவிடுவார். விலங்கை வதைத்தால் நேரம் இழப்பாகும் வகையில் விதி வகுக்கப்பட்டிருக்கிறது. இரக்கத்தை நம்பாமல், போட்டி மனப்பான்மையையே குதிரையின் பக்கம் திருப்பிவிட்ட ஏற்பாடு இது.

துடிப்பு தணிந்தாலும் பரிசோதனை முடிவதில்லை. மருத்துவர் ஈறுகளின் நிறத்தைப் பார்க்கிறார். ஈற்றில் விரலை அழுத்தி எடுத்தால், வெளுத்த இடத்தில் சுமார் இரண்டு வினாடிகளுக்குள் மீண்டும் இரத்த நிறம் திரும்ப வேண்டும். கழுத்துப் பகுதித் தோலைக் கிள்ளி விட்டால், அது உடனே சமனாக வேண்டும். மடிப்பு அப்படியே நின்றால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். வயிற்றின் நான்கு பகுதிகளிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குடல் ஒலி கேட்கப்படுகிறது. ஒலி இல்லாத வயிறு, ஒலி மிகுந்த வயிற்றைக் காட்டிலும் ஆபத்தானது. தசைகள் இறுகியிருக்கின்றனவா, சேணமும் வார்களும் படும் இடங்களில் புண் உண்டா, குதிரை சுற்றுப்புறத்தைக் கவனிக்கிறதா என்பனவும் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படுகின்றன. தண்ணீரையும் தீவனத்தையும் நாடாத குதிரை எல்லா மருத்துவரையும் கவலைகொள்ளச் செய்யும்.

இங்கே குதிரையின் உடலியல் ஒரு பொறியை வைத்திருக்கிறது. மனிதனின் வியர்வையில் உப்பு குறைவு; நீர் மிகுதி. ஆகவே வியர்த்த மனிதனின் இரத்தத்தில் உப்பின் செறிவு கூடுகிறது, தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையிலோ இரத்தத்தில் உள்ள அளவுக்கு, சில வேளைகளில் அதற்கும் மேலாக உப்பு வெளியேறுகிறது. நீரும் உப்பும் ஒருசேர இழக்கப்படுவதால், தாகத்தைத் தூண்டும் சமிக்ஞை மூளைக்குச் சரிவரப் போய்ச் சேர்வதில்லை. வெப்பமான நாளில் மணிக்கு 10 லிட்டருக்கும் மேல் வியர்வை இழந்த குதிரை, தொட்டியின் முன் நின்றும் நீர் அருந்தாமல் இருக்கலாம். 'தேவைப்பட்டால் அதுவே குடிக்கும். முடியாவிட்டால் அதுவே நின்றுவிடும்' என்ற பழைய நம்பிக்கை இந்த இடத்தில்தான் பொய்த்துப்போகிறது. கூட்டத்தோடு ஓடும் இயல்புடைய விலங்கு, தன் வலுவைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது நடைச் சோதனை. கெட்டியான, சமமான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி குதிரையைத் துள்ளுநடையில் 40 மீட்டர் ஓட்டிச் சென்று திரும்பக் கொண்டுவர வேண்டும். தலை ஏறி இறங்கும் விதத்தையும் பின்னங்கால்களின் வீச்சையும் மருத்துவர் கவனிக்கிறார். இதே 80 மீட்டர் ஓட்டத்தை இதயச் சோதனையாகவும் பயன்படுத்தும் முறை ஒன்றுண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கெர்ரி ரிட்ஜ்வேயின் பெயரால் அது அறியப்படுகிறது. ஓட்டத்துக்கு முன் துடிப்பை எண்ணி, ஒரு நிமிடத்துக்குப் பின் மீண்டும் எண்ணுவார்கள். இரண்டாவது எண்ணிக்கை சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நல்லது. நான்கு துடிப்போ அதற்கு மேலோ கூடியிருந்தால், வெளியே தெரியாத களைப்போ வலியோ இருக்கக்கூடும் என்று மருத்துவர் விழிப்படைகிறார். கருவி எதுவும் வேண்டாத, களத்திலேயே செய்யக்கூடிய சோதனை இது.

நொண்டல் குறித்து ஐயம் எழுந்தால், மூன்று மருத்துவர்கள் முன்னிலையில் குதிரை மீண்டும் ஓட்டிக் காட்டப்படும். அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளாமல், தனித்தனியே சீட்டில் எழுதி வாக்களிக்கிறார்கள். பெரும்பான்மையே முடிவு. அந்த முடிவை எதிர்த்து முறையிட இடமில்லை. வீரரின் தேசக் கொடி, உரிமையாளரின் செல்வாக்கு, போட்டியில் அவர் பிடித்திருக்கும் இடம் எதுவும் கணக்கில் வராது. முதலாவதாக எல்லைக்கோட்டைத் தொட்ட குதிரையும் இறுதிப் பரிசோதனையில் தோற்றால் வெற்றி பறிபோகும்.

உயிர்ப்பலியிலிருந்து வந்த விதி

இந்த ஒழுங்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1892-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் படை அதிகாரிகள் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே குதிரைப் பந்தயம் நடத்தினர். வென்றவர் ஏறக்குறைய மூன்று நாள்களில் தொலைவைக் கடந்தார். அவரது குதிரை பந்தயத்தைத் தொடர்ந்து இறந்தது. இறந்தது அது ஒன்று மட்டுமன்று. பொதுமக்களிடையே கடும் கண்டனம் எழுந்தது.

நவீன நெடுந்தொலைவு போட்டியின் தொடக்கமாகக் கருதப்படுவது, 1955-இல் வெண்டல் ரோபி கலிஃபோர்னியாவில் தொடங்கிய 'டெவிஸ் கோப்பை' பந்தயம். ஒரு நாளில் 100 மைல் என்பது அதன் இலக்கு. முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில் மிக நல்ல உடல்நிலையில் இருக்கும் குதிரைக்குத் தனிக் கோப்பை வழங்கும் வழக்கம் அங்கு 1964 முதல் தொடர்கிறது. முதலிடத்தைக் காட்டிலும் அந்தக் கோப்பையைப் பெரிதாக மதிக்கும் வீரர்கள் உண்டு. சர்வதேச கூட்டமைப்பு இவ்விளையாட்டை 1978-இல் அங்கீகரித்தது. 1986-இல் ரோம் நகரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது.

விதிகள் வந்ததால் ஆபத்து ஒழிந்துவிட்டது என்று கூற முடியாது. 2018 செப்டம்பர் 12 அன்று அமெரிக்காவின் டிரையன் நகரில் நடைபெற்ற உலகக் குதிரையேற்ற விளையாட்டுகளில், நெடுந்தொலைவு போட்டி வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்ததால் பாதியில் ரத்து செய்யப்பட்டது. போட்டியில் எஞ்சியிருந்த 95 குதிரைகளில் 53 குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அவற்றில் 52 குதிரைகள் உடலியக்கச் சீர்குலைவுக்கு ஆளானவை. நியூசிலாந்தைச் சேர்ந்த 20 வயதுக் குதிரை ஒன்று சிறுநீரகப் பாதிப்பால் கருணைக்கொலை செய்யப்பட்டது. தனித்தனிக் குதிரையைச் சோதிக்கும் வாயில் அங்கும் இருந்தது. காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் உரிய நேரத்தில் கணக்கிட்டு, மொத்தப் போட்டியையும் நிறுத்தும் முடிவு தாமதமானால் வாயில் மட்டும் போதாது என்பதை அந்த நாள் காட்டியது.

வாயிலை ஏமாற்றும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கால் வலி தெரியாதிருக்க நரம்பை மரத்துப்போகச் செய்வது அவற்றுள் கொடியது. வலி தெரியாத கால் நொண்டாது, அதனாலேயே முறியும். கால்களின் உணர்வைச் சோதிக்கும் தனிப் பரிசோதனையைக் கூட்டமைப்பு பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று. வளைகுடாவில் நடந்த போட்டிகளில் குதிரைகளின் நலன் குறித்து எழுந்த புகார்களை அடுத்து, 2015 மார்ச்சில் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசியக் கூட்டமைப்பே சில மாதங்கள் இடைநீக்கம் செய்யப்பட்டது. பணமும் கௌரவமும் சேரும் இடத்தில், மருத்துவரின் முடிவுக்கு வெளியிலிருந்து அழுத்தம் வராது என்று எண்ணுவது அறியாமை.

காலையில் தந்த சான்று மாலைக்குச் செல்லுமா?

கேரளத்துக்கு வருவோம். எர்ணாகுளம் பிராட்வே கடைத்தெருவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் கேரள உயர் நீதிமன்றம் இருக்கிறது. வளர்ப்பு யானைகளைத் திருவிழாக்களில் அணிவகுக்கச் செய்வது தொடர்பாக அந்த நீதிமன்றத்தின் அமர்வு 2024 நவம்பரில் விரிவான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. யானைகளுக்கு இடையே 3 மீட்டர் இடைவெளி, இரண்டு எழுந்தருளிப்புகளுக்கு இடையே 3 நாள் ஓய்வு, நாளொன்றுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் நடத்திச் செல்லத் தடை, வாகனத்தில் 125 கிலோமீட்டருக்கு மேல் கொண்டு செல்லத் தடை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பொதுச் சாலையில் அணிவகுப்புக்குத் தடை ஆகியவை அவற்றுள் அடங்கும். நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று தேவஸ்வங்கள் முறையிட்டதை அடுத்து, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்த நெறிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இந்த வழக்கில் பொது விவாதம் பெரும்பாலும் 3 மீட்டரைச் சுற்றியே நடந்தது. கோயில் முற்றத்தின் அகலத்துக்கு அந்த இடைவெளி பொருந்துமா என்ற கேள்வி நியாயமானதே. ஆயினும் நெடுந்தொலைவு குதிரைப் போட்டியின் கோணத்திலிருந்து பார்த்தால், இரு தரப்பு வாதங்களிலும் ஒரு வெற்றிடம் தென்படுகிறது. 30 கிலோமீட்டர் என்பது ஒரு வரம்பு. பாதத்தில் சீழ்ப்புண் உள்ள யானைக்கு எட்டாவது கிலோமீட்டரே வரம்பாகிவிடக் கூடும். அந்த எட்டாவது கிலோமீட்டரில் நின்று பார்த்து, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

2019-ஆம் ஆண்டின் நிகழ்வு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கேரளத்தின் மிகப் புகழ்பெற்ற யானைகளுள் ஒன்றான தெச்சிக்கோட்டுக்காவு ராமச்சந்திரன், அந்த ஆண்டு பிப்ரவரியில் குருவாயூரில் நேர்ந்த சம்பவத்தில் இருவர் உயிரிழந்ததை அடுத்துத் தடைக்கு உள்ளானது. மே மாதம் திருச்சூர் பூரம் நெருங்கியபோது, ராமச்சந்திரனை அனுமதிக்காவிட்டால் எந்த யானையையும் அனுப்பமாட்டோம் என்று உரிமையாளர்கள் சங்கம் அறிவித்தது. மருத்துவர் குழு யானையைப் பரிசோதித்துத் தகுதியானது எனச் சான்றளித்தது. பூரத்துக்கு முந்தைய நாள், தெற்கு கோபுர வாயிலைத் திறக்கும் சடங்குக்கு மட்டும், சுமார் ஒரு மணி நேரம், கடும் பாதுகாப்புடன் அனுமதி வழங்கப்பட்டது. சடங்கு அசம்பாவிதமின்றி முடிந்தது.

மருத்துவர்கள் தம் கடமையைச் செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மாநிலமே காத்துக்கொண்டிருக்க, ஒட்டுமொத்தத் திருவிழாவே நின்றுவிடும் என்ற எச்சரிக்கையின் நடுவே, முன்கூட்டியே ஒருமுறை எழுதித்தரப்படும் 'தகுதி' என்ற சொல் எவ்வளவு பாரத்தைத் தாங்க முடியும்? குதிரைப் போட்டியில் சான்று முன்கூட்டி வழங்கப்படுவதில்லை. அடுத்த சுற்றுக்கு மட்டுமே செல்லும். ஒரு மருத்துவரின் தலையில் முழுச் சுமையும் ஏற்றப்படுவதுமில்லை. பல வாயில்களில், பல கண்கள், மறைவாக்கு. அழுத்தம் கொடுக்க வருபவர் யாரிடம் கொடுப்பது என்று தெரியாதபடி முடிவு பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறது.

திருச்சூர் பூரம் போன்ற பெருவிழாக்களில் கால்நடை மருத்துவர்களும் யானைகளைக் கட்டுப்படுத்தும் குழுவினரும் களத்தில் இருக்கவே செய்கிறார்கள். கவலைக்குரியவை, ஒரு பருவத்தில் ஊர் ஊராக, ஒரே யானை மாறி மாறிச் செல்லும் சிறு கோயில் விழாக்கள். முந்தைய இரவு வேறோர் ஊரில் நின்ற யானை, லாரியில் ஏறி வந்து இறங்கும்போது கையில் பழைய சான்று இருக்கும். அது உறங்கியதா, நீர் அருந்தியதா என்பதை அறிந்தவர் பாகன் ஒருவரே. அவரோ உரிமையாளரிடம் ஊதியம் பெறுபவர்.

யானையும் குதிரையும் ஒன்றல்ல என்பது உண்மைதான். குதிரையைப் போல யானை உடல் முழுதும் வியர்ப்பதில்லை. வெப்பத்தைப் பெரிதும் காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. 64 துடிப்பு என்ற அளவுகோலை அதன்மேல் அப்படியே பொருத்த முடியாது. மதநீர்ப் பருவம் என்ற தனிச் சிக்கலும் உண்டு. ஆனால் நீர் அருந்திய அளவு, சாணமும் சிறுநீரும் கழித்த இடைவெளி, பாதத்தை ஊன்றும் விதம், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு ஓயாது எடையை மாற்றுவது, சங்கிலி உரசும் இடத்துப் புண் ஆகியவற்றைக் களத்திலேயே பார்த்து எழுதிவிடலாம்.

1965-இன் விதி என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டத்துக்கு இந்தச் சிந்தனை முற்றிலும் புதிதன்று. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டின் வதைத்தடுப்பு விதிகள், நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவேளையின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் விலங்கை வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பகுதிகளில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலையே கூடாது. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வெப்பத்தையும் இடைவேளையையும் எண்களாக எழுதிவைத்த விதி அது. அந்த எண்களைச் சாலையில் நின்று சரிபார்ப்பவர்தான் அரிது.

கேதார்நாத் பாதையில் இதன் விளைவு 2022-இல் வெளிப்பட்டது. சுமார் 16 கிலோமீட்டர் மலையேற்றத்தில் யாத்ரீகர்களைச் சுமந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் அந்தப் பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் மாண்டன. ஓய்வின்றி ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஏற்றப்பட்டது முக்கியக் காரணமாகக் கூறப்பட்டது. விவகாரம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அடிவாரத்தில் பதிவும் பரிசோதனையும் இருந்தால்கூட, இரண்டாவது முறை மேலே ஏறத் தொடங்கும் விலங்கை வழியில் நிறுத்த ஒருவர் இல்லையெனில் முதல் பரிசோதனைக்குப் பொருளில்லாமல் போகிறது.

தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிதும் மாறுபட்டதன்று. ஜல்லிக்கட்டுக் காளைகளைக் கால்நடை பராமரிப்புத் துறை மருத்துவர்கள் வாடிவாசலுக்கு வெளியே பரிசோதிக்கிறார்கள். காளை களத்தில் நிற்பது சில நிமிடங்களே என்பதால் அங்கு முன்பரிசோதனை ஓரளவு போதுமானது. ரேக்ளா பந்தயம் அப்படியல்ல. தார்ச்சாலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் மாடும் குதிரையும் எல்லைக்கோட்டைக் கடந்ததும், பரிசு வண்டியோட்டிக்குப் போகிறது; விலங்கின் துடிப்பை எண்ணிய பின்னரே பரிசு என்ற நிபந்தனை வந்தால் ஓட்டும் முறையே மாறும்.

இதற்குச் செலவாகும் என்ற மறுப்பு எழலாம். சர்வதேசப் போட்டியைப் போல மருத்துவர் படையை ஒவ்வொரு கோயிலுக்கும் அனுப்புவது இயலாது. ஆனால் துடிப்பை எண்ணவும், தோலைக் கிள்ளிப் பார்க்கவும், நீர்த்தொட்டி எவ்வளவு குறைந்தது என்று குறிக்கவும் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். ஐயம் எழும்போது மட்டும் மருத்துவர் தேவை. குதிரைப் போட்டிகளிலும் துடிப்பைக் கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களே.

அந்தப் போட்டிகளில் ஒவ்வொரு குதிரையுடனும் ஒரு மருத்துவ அட்டை பயணம் செய்கிறது. எந்த வாயிலில், எத்தனை மணிக்கு, துடிப்பு எவ்வளவு, குடல் ஒலி எப்படி, நடை எப்படி என்று வரிசையாக எழுதப்படுவதால், மூன்றாவது வாயிலில் நிற்கும் மருத்துவர் முதல் வாயிலின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. வெளியேற்றப்பட்ட குதிரைக்குக் கட்டாய ஓய்வு நாள்களும் விதிக்கப்படுகின்றன. கேரளத்தின் 2012-ஆம் ஆண்டு வளர்ப்பு யானை விதிகளும் தீவனம், சிகிச்சை, பயணம், வேலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகளை உரிமையாளர் பராமரிக்க வேண்டும் என்கின்றன. வேலைப் பதிவேட்டில் யானை எங்கே, எப்போது எழுந்தருளியது என்பது எழுதப்படுகிறது. அதே பக்கத்தில் மணிக்கு ஒருமுறை நீர், பாதம், நடை ஆகிய மூன்றையும் குறிக்கும் கட்டங்களும், உரிமையாளரைச் சாராத ஒருவரின் கையொப்பத்துக்கான இடமும் சேர்க்கப்பட்டால், அடுத்த ஊரில் லாரியிலிருந்து யானை இறங்கும்போது அங்குள்ள மருத்துவர் கையில் பழைய சான்றுக்குப் பதிலாக முந்தைய இரவின் கணக்கு இருக்கும்.